அளவுகோல் யார் கையில்?

ஓர் அரசு தன் குடிமக்களுக்குச் செய்யும் சேவையை எந்தக் கோலால் அளப்பது என்ற வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆளுவோர் தமக்கென ஒரு கோலை எப்பொழுதும் வைத்திருந்தனர். ஆளப்படுவோர் மனத்துக்குள் வேறொரு கோலை வைத்திருந்தனர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்திய காலம் அரிது. இன்று அரசின் சேவைகள் இணையவழியே வரத் தொடங்கியிருக்கின்றன. அவை எவ்வளவு திறம்பட நடக்கின்றன என்பதற்கு உலக அளவில் புள்ளிகள் இடப்படுகின்றன, நாடுகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இலங்கை எத்தனையாவது இடம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த இடம் உயர்ந்தால் மகிழ்வதும் தாழ்ந்தால் வருந்துவதும் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களாகிய நாம் கேட்டாக வேண்டும். அதற்கு முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு நமக்குத் துணைநிற்கிறது.

தோம்பும் தேசவழமையும்

1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கணக்கில் வல்லவர். வணிகக் கம்பனியின் ஆட்சி அல்லவா? ஊர் ஊராக ஆட்களையும் காணிகளையும் எழுதி வைத்த தோம்பு என்னும் பதிவேடு அவர்களது ஆட்சியின் முதுகெலும்பாயிற்று. ஒரு காணி எவருடையது, அதில் எத்தனை பனை, எத்தனை பரப்பு, அந்த வீட்டார் தலைவரி எவ்வளவு இறுக்க வேண்டும், ஊழியம் எத்தனை நாள் செய்ய வேண்டும் என்பனவே அதன் கவலை. நல்ல தோம்பு என்றால் வரி தப்பாத தோம்பு. தோம்பில் பெயர் ஏறிய உழவன் அதனால் பெற்ற பயன் யாது என்று கேட்க ஏட்டில் இடம் இல்லை.

ஆள்பதி சைமன்ஸ் என்பவரின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். அத்தொகுப்பு 1707இல் தேசவழமை என்ற சட்டமாயிற்று. அது சரியா என்று பார்த்துச் சொல்லும்படி பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் பார்த்தார்கள், சரி என்றார்கள். ஏன் சரி என்னமாட்டார்கள்? காணியும் சீதனமும் அடிமையும் உடையவர்கள் அவர்களே. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அச்சட்டத்தில் இருந்தன. ஆயின் அவ்விதிகள் சரியா என்று ஓர் அடிமையையேனும் அழைத்து எவரும் வினவவில்லை. அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிய 1844ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சேவை நன்றாக இருக்கிறதா என்று யாரைக் கேட்கிறோம் என்பதிலேயே விடையின் பாதி அடங்கிவிடுகிறது என்பதை யாழ்ப்பாண வரலாறு நமக்கு முதலில் கற்பித்த இடம் இதுவே.

கச்சேரியின் கணக்கு

1795இல் வந்த ஆங்கிலேயர் கணக்கை மேலும் வளர்த்தனர். ஆண்டுதோறும் நீலப் புத்தகம் என்ற புள்ளிவிவரத் தொகுதி இலண்டனுக்குச் சென்றது. 1829 முதல் 1867 வரை வடமாகாணத்தின் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரையும், 1869 முதல் 1896 வரை இருந்த துவைனம் துரையும் கச்சேரியிலிருந்து சிற்றரசர் போல் ஆண்டனர். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்றது. அறிக்கையில் வீதியின் நீளம் ஏறியது. பணம் கட்ட வழியின்றி வெயிலில் கல் சுமந்தவனுடைய ஆறு நாள் எந்த அறிக்கையிலும் செலவாக எழுதப்படவில்லை.

கச்சேரிக்கும் குடிமகனுக்கும் நடுவில் மணியகாரர், உடையார், விதானையார் என்ற படிக்கட்டு இருந்தது. அப்படிகளில் நின்றவர்கள் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதியினரே. பிறப்பைப் பதியவும், காணித் தகராறில் சாட்சி சொல்லவும், நன்னடத்தைக்கு உறுதி கூறவும் விதானையாரின் படலையில் நின்றாக வேண்டும். படலைக்கு வெளியே எவ்வளவு நேரம் நிற்பது, தோளிலுள்ள சால்வையை எங்கே வைப்பது என்பன சாதியால் முடிவுசெய்யப்பட்டன. அரச சேவையின் தரம் என்பது ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முதலாவதாக அந்தப் படலையில் கிடைத்த மரியாதையே. 1963இல் பழைய விதானை முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் முறை வந்தது. அரசினால் தெரிவுசெய்யப்பட்டு இடமாற்றம் பெறக்கூடிய உத்தியோகத்தர் ஒருவர் ஊருக்கு வந்தார். குறைபாடுகள் இருந்தபோதிலும் அது ஒரு முன்னேற்றமே. இன்றும் கிராம அலுவலரை நம்மூர் முதியோர் விதானையார் என்று அழைப்பது மொழியின் பழக்கம் மட்டுமா என்பதை வாசகரே சிந்திக்கட்டும்.

கச்சேரியின் திறமை பற்றி ஒரு செய்தி இங்கே நினைவுகூரத்தக்கது. பின்னாளில் ஏகாதிபத்தியத்தின் கடும் விமர்சகராக மாறிய லெனாட் வூல்ஃப், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாக இருந்தார். வந்த கடிதத்துக்கு வந்த நாளிலேயே மறுமொழி போக வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். எழுத்தர்கள் முணுமுணுத்தார்கள், கடிதக் கட்டுகள் குறைந்தன. இன்றைய அளவுகோலின்படி இது முதல்தரமான சேவை. ஆனால் அதே அதிகாரி குதிரையிற் செல்கையில் சவுக்கால் தம் முகத்தில் அடித்தார் என்று யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவர் குற்றஞ்சாட்ட, இங்குள்ள சங்கம் அரசுக்கு முறையிட்டது. தாம் சவுக்கை நீட்டி எதையோ சுட்டிக்காட்டியதன்றி எவரையும் அடிக்கவில்லை என்றார் வூல்ஃப். நடந்தது எதுவாயினும் ஒன்று தெளிவு: அதிகாரி கடிதங்களை எண்ணினார், மக்கள் சவுக்கைப் பார்த்தனர். சவுக்கைக் குறிக்கும் பத்தி நிர்வாக அறிக்கையில் இல்லை.

மக்கள் அளந்த நாள்கள்

1956இல் சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்தது. இடதுசாரிக் கட்சிகள் அன்று பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து நின்றன. அந்தத் தலைமைகள் பின்னாளில் அந்நிலையிலிருந்து வழுவியதையும் மறைக்க வேண்டியதில்லை. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966ஆம் ஆண்டிலேயே வந்தன. எட்டு ஆண்டு ஏட்டில் இருந்த சட்டம், கச்சேரியின் மேசையில் இல்லை. "சேவை உண்டா?" என்ற கேள்விக்கு அரசு "உண்டு" என்று எழுதியிருக்கும், படிவத்தைக் கையில் வாங்கிய விவசாயி "இல்லை" என்றிருப்பான்.

1961 பெப்ரவரி 20ஆம் நாள் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய இரு மாதங்கள் கச்சேரி முடங்கிக் கிடந்தது. ஏப்ரல் 14ஆம் நாள் அவ்வியக்கத்தினர் தமக்கென ஓர் அஞ்சற் சேவையையே தொடக்கி, தபால் தலையும் வெளியிட்டனர். சில நாள்களில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் சிறைப்பட்டனர், சேவை நின்றது. அந்தக் கட்சியின் வர்க்கச் சார்பைப் பற்றி நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அரச சேவையின் மீது மக்கள் தாமே ஒரு தீர்ப்பை எழுதிய நாள்கள் அவை என்பதை மறுக்க இயலாது. மொழி புரியாத சேவை சேவையாகாது என்பதே அத்தீர்ப்பு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று ஏற்றுக்கொண்டது. இடையில் சென்ற முப்பத்தோராண்டில் எத்தனை மனுக்கள் மறுமொழியின்றி மடிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

கணினி வந்த காலம்

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு மின்சாரமும் தொலைபேசியும் இல்லாது போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். இடம்பெயர்ந்தோர் முதலிற் கட்டியெடுத்த பொருள்களில் ஒன்று கடதாசிகள்: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. அவற்றைப் பறிகொடுத்தவர்கள் பலர். உயிர் தப்பிய ஒருவர் தாம் பிறந்ததையே நிரூபிக்க வேண்டிய நிலையில், ஒரு சான்றிதழின் பிரதி என்பது சிறு சேவையன்று. அதுவே குடியுரிமையின் கயிறு.

கொழும்பில் காலம் வேறுவிதமாக ஓடிற்று. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையத்தை நிறுவியது. உலக வங்கியின் கடனோடு இ-சிறிலங்கா என்ற திட்டம் நடந்தது. 2006இல் 1919 என்ற எண்ணில் மூன்று மொழிகளிலும் அரச தகவல் தரும் நிலையம் திறக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் அதே 2006 ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டது; குடாநாடு தீவாயிற்று. எந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்று தொலைபேசி சொல்லும்; அங்கே போகும் பாதை இல்லை. ஒரு நாட்டின் இரு பகுதிகள் ஒரே ஆண்டில் இரு வேறு காலங்களில் வாழ்ந்தன.

எழுத்தின் கதையும் இதற்குள் உண்டு. நம்மவர் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதினர். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துகளின் குழப்பமான கோவை. தேடினால் அகப்படாது, எழுத்துரு இல்லாத பொறியில் படிக்கவும் முடியாது. 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரம் தமிழுக்கு வகுக்கப்பட்டது. அதன்பின்னரும் அரசத் தளங்களில் தமிழ்ப்பக்கம் என்று பொத்தானை அழுத்தினால் பாதி ஆங்கிலமும், பழைய அறிவித்தலும், பொருள் விளங்காத மொழிபெயர்ப்பும் எதிர்ப்படுவது நாம் எல்லோரும் அறிந்ததே. 1958க்கும் 1966க்கும் இடையே கிடந்த பள்ளம் இன்று திரையில் கிடக்கிறது.

இணையம் வெறும் ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. நெடுந்தீவை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள கடற்றொழிலாளி யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கையெழுத்துப் பெற வேண்டுமானால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பேருந்து, திரும்பவும் படகு என்று ஒரு முழு நாளை இழக்கிறான். கடல் கொந்தளித்தால் இரண்டு நாள். அன்றைய தொழில் இல்லை. அன்றைய கூலி இல்லை. அவன் வீட்டிலிருந்தே அலுவல் முடிக்கக் கூடுமானால் அது மெய்யான விடுதலை. அன்றியும் திரைக்குச் சாதி தெரியாது. சால்வையைப் பார்த்து அது காக்க வைப்பதில்லை. விதானையாரின் படலையை நினைவில் வைத்திருக்கும் சமூகத்துக்கு இது சிறிய பேறன்று.

ஆனால் படலை இடம்மாறவும் கூடும். படிவத்தைத் தாமே நிரப்ப இயலாதவர்கள் ஊர்ச்சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடைக்குச் செல்கின்றனர். அங்கே பணம் கொடுத்து, தம் அடையாள அட்டை எண்ணையும் குடும்ப விவரத்தையும் அந்நியர் ஒருவரிடம் ஒப்புவித்து, தவறாக எழுதப்பட்டால் மீண்டும் பணம் கொடுக்கின்றனர். அரசின் ஏட்டில் இது இணையவழி வந்த விண்ணப்பம், வெற்றி. ஏழையின் ஏட்டில் இது புதியதொரு தரகு.

முற்றத்தை அலங்கரித்தால் அடுப்பு எரிந்துவிடாது என்பதற்குக் கடவுச்சீட்டின் கதை சான்று. 2023 யூன் மாதத்தில் கடவுச்சீட்டுக்கு இணையவழியே விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் இடும் முறை தொடங்கியது. மறு ஆண்டிலோ அச்சிடாத வெற்றுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு வந்து, மக்கள் பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசையில் நின்றனர். படிவம் இருந்தது, புத்தகம் இல்லை. பின்பு 2025 செப்டெம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்தியக் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. அதுவரை வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓடிய மக்களுக்கு, கணினித் திரையைக் காட்டிலும் கல்லாலும் மண்ணாலும் ஆன அந்த அலுவலகமே பெரிய சேவையாயிற்று.

உலகம் இடும் புள்ளி

ஐக்கிய நாடுகள் அவை இரண்டாண்டுக்கு ஒருமுறை மின்-அரசாங்க ஆய்வை வெளியிடுகிறது. 193 நாடுகளின் வரிசையில் இலங்கை 2012இல் 115ஆம் இடம், 2014இல் 74, 2018இல் 94, 2024இல் 98. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஓர் ஆட்சியைப் புகழ்வதும் மற்றோர் ஆட்சியை இகழ்வதும் எளிது. அவை எப்படிப் பிறக்கின்றன என்று பார்ப்பதே ஆசிரியருக்கும் மாணவருக்கும் தகுந்த வேலை.

முதலாவது, இடம் என்பது ஒப்பீடு. நம் சேவை நின்ற இடத்தில் நிற்க, மற்றவர் விரைந்து ஓடினாலும் நாம் பின்தங்குவோம். இரண்டாவது, மொத்தப் புள்ளி மூன்று சம பங்குகளால் ஆனது: இணையச் சேவை, தொலைத்தொடர்பு வசதி, மனித வளம். மனித வளம் என்பது பெரும்பாலும் எழுத்தறிவும் பள்ளிக் கல்வியும். அதாவது 1940களில் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், மழைக்கு ஒழுகும் வகுப்பறைகளில் மூன்று தலைமுறை ஆசிரியர் செய்த உழைப்பும் சேர்ந்து இன்றைய இணையத் தளங்களுக்குப் புள்ளி வாங்கித் தருகின்றன! மூன்றாவது, இணையச் சேவையின் பங்கை அளப்பவர் தளத்தைத் திறந்து, இன்ன வசதி உண்டா, இல்லையா என்று குறிக்கிறார். உண்டு என்றால் புள்ளி. அந்த வசதியால் எத்தனை பேர் அலுவல் முடித்தனர், எத்தனை பேர் நடுவழியிற் கைவிட்டனர் என்பதற்குப் புள்ளி இல்லை. நகரங்களை அளக்கும் துணை ஆய்வு ஒன்றும் 2018இல் 40 நகரங்களுடன் தொடங்கி விரிந்துள்ளது. அது ஒரு நாட்டில் மக்கள்தொகை மிகுந்த ஒரு நகரத்தையே எடுக்கும். இலங்கைக்கு அது கொழும்பு. சாவகச்சேரியும் பருத்தித்துறையும் அந்தக் கண்ணுக்குத் தெரியா.

நம் நாட்டுப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு ஆய்வையும் பாருங்கள். தானாகக் கணினியைப் பயன்படுத்தக் கூடியவர் எவரும் கணினி எழுத்தறிவு உடையவர். ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாட்டு ஒன்றை ஆடத் தெரிந்திருந்தாலும் போதும் என்பது அதன் வரைவிலக்கணம். அந்தக் குழந்தையை எண்ணிக்கையிற் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த விழுக்காட்டை எடுத்துக்காட்டி, மக்கள் இனி ஓய்வூதியப் படிவத்தை இணையத்தில் நிரப்பட்டும் என்று கருமபீடத்தை மூடினால், விளையாடத் தெரிந்த குழந்தையின் பெயரால் எழுதத் தெரியாத பாட்டியின் வாசலை அடைத்தவராவோம்.

எமது கோல்

மக்களே கோலை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அயலில் ஒரு முன்மாதிரி உண்டு. 1994இல் பெங்களூரில் சாமுவேல் பால் என்பவரின் முன்முயற்சியால் குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை ஒன்று வெளியிடப்பட்டது. குடிநீர், மின்சாரம், தொலைபேசி, மாநகராட்சி முதலிய அலுவலகங்களைப் பற்றி வீடுவீடாகச் சென்று வினவினார்கள். மாணவனின் தேர்ச்சி அறிக்கை போல ஒவ்வோர் அலுவலகத்துக்கும் மதிப்பெண் இட்டார்கள். எத்தனை முறை அலைந்தீர், கையூட்டுக் கொடுத்தீரா என்றும் கேட்டார்கள். சேரிவாழ் மக்களைத் தனியே கேட்டார்கள். மதிப்பெண்கள் பத்திரிகைகளில் வந்தன, அலுவலகங்கள் வெட்கின. 1999இலும் 2003இலும் மீண்டும் அளந்தபோது முன்னேற்றம் தெரிந்தது. கோல் கைமாறினால் ஆட்சியும் சற்றே அசையும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. பள்ளிக்கூடம் எட்டாத ஊர் இங்கே அரிது. உயர்தர மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியர் துணையோடு ஊருக்கு இருபது வீடு சென்று வினவ முடியாதா? கேட்க வேண்டியவை எளியவை. கடைசியாகச் செய்த அரச அலுவலுக்கு எத்தனை நாள் சென்றது? எத்தனை நாட்கூலி இழந்தீர்? பேருந்துக்கும் படகுக்கும் கடைக்கும் எவ்வளவு செலவாயிற்று? படிவத்தை உமது மொழியில் நீரே வாசித்து விளங்கிக்கொண்டீரா? தவறு நேர்ந்தபோது மறுமொழி சொல்ல ஒரு மனிதர் அகப்பட்டாரா? இறுதியாக, முயன்று கைவிட்ட அலுவல் எது? இந்தக் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. கைவிட்டவர்கள் அரசின் கணக்கிலே இல்லை. தளத்துக்கு வந்து வென்றவரை மட்டும் எண்ணினால், எந்தச் சேவையும் நூற்றுக்கு நூறு வெற்றியே பெறும்.

அரசிடம் உள்ள கணக்கைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கைக்குத் தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் வந்த விண்ணப்பம் எத்தனை, தமிழில் சென்ற மறுமொழி எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை என்று தமிழிலேயே கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எத்தனை நாளில் எந்த மொழியில் விடை வருகிறது என்பதே ஓர் அளவீடாகிவிடும்.

அளக்கப் புறப்படும்போது நாம் ஒன்றை மறக்கலாகாது. முன்பு ஒல்லாந்தர் பன்னிரண்டு முதலியார்களைக் கேட்டனர். நாமும் கைத்தொலைபேசி உடையவரை, ஆங்கிலம் அறிந்தவரை, முன் வீட்டுக்காரரை மட்டும் கேட்டுத் திரும்புவோமாயின் முந்நூறு ஆண்டு நடந்தும் ஓரடி நகரவில்லை என்றாகும். நெடுந்தீவின் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும். காணியற்றோரின் குடியிருப்புக்குச் செல்ல வேண்டும். போரில் துணையையும் கடதாசியையும் ஒருங்கே இழந்த பெண்களின் திண்ணையில் அமர வேண்டும். ஒரு சேவையின் தரம் அதனைப் பெற மிகவும் அல்லற்படுபவர் சொல்லும் சொல்லில் இருக்கிறது.

தோம்பு வரியை அளந்தது. நீலப் புத்தகம் பேரரசின் இலாபத்தை அளந்தது. இன்றைய சுட்டெண் திரையை அளக்கிறது. மனிதனின் நாளை அளக்கும் கோல் இன்னும் செய்யப்படவில்லை. அதைச் செய்யும் தச்சர்கள் அமைச்சுகளில் இல்லை. நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். வரும் விடுமுறையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு ஓர் ஊரிலேனும் தொடங்குவோம்.